கேள்வி: 1950-க்கு முன் இந்தியாவில் யாருக்கெல்லாம் ஓட்டு இருந்தது? இப்போது எல்லோருக்கும் இருக்கிறதா?

முன்பு சொத்து, வரி, படிப்பு இருந்தவர்களுக்குத்தான் ஓட்டு. பிரிட்டிஷ் ஆட்சி கொண்டுவந்த 1919-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் பெண்களை ஒதுக்கிவிட்டு, அவர்களைச் சேர்ப்பதா என்ற முடிவை மாகாணச் சட்டமன்றங்களிடம் விட்டது. 1921-இல் முதலில் சேர்த்தது சென்னை மாகாணம். அப்போதும் சொத்துத் தகுதி இருந்தது, ஆகவே ஏழைப் பெண்ணுக்கு அதனால் எதுவும் கிடைக்கவில்லை. 1935-இல் வந்த அடுத்த இந்திய அரசுச் சட்டம் வாசலைக் கொஞ்சம் அகலப்படுத்தியது, அவ்வளவே.

அரசியலமைப்பின் 326-வது பிரிவு 21 வயதான எல்லோருக்கும் ஓட்டைக் கொடுத்தது. பெரும்பாலானோருக்கு எழுதப் படிக்கத் தெரியாத நாட்டில் அப்படித் துணிந்ததை நான் மிகப் பெரிய சாதனையாகவே நினைக்கிறேன். ஆனால் முதல் பொதுத் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எடுக்கப் போனபோது, வட மாநிலங்களில் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் அம்மா’ என்றே பதிவு செய்தார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் சொந்தப் பெயர் வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். முடிவில் சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். கடுமையான முடிவுதான், ஆனாலும் சரியானது. அடுத்த தேர்தல்களில் பெண்கள் தங்கள் பெயரிலேயே பதிவு செய்ய அது வழி செய்தது.

அப்புறம் 1989-இல் வயது வரம்பு 18 ஆனது.

இன்றும் எல்லோருக்கும் இல்லை. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 62(5), சிறையில் இருப்பவர்களை ஓட்டுப் போட விடுவதில்லை. தண்டனை பெற்றவர் மட்டுமல்ல, ஜாமீன் கட்ட வழியில்லாமல் உள்ளே கிடக்கும் விசாரணைக் கைதியும் இதில் அடக்கம். அதே கைதி தேர்தலில் வேட்பாளராக நிற்கலாம் என்பதை எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியாது.