நவம்பர், டிசம்பரில் வரும் போர் நினைவு நாட்களில் உங்களுக்கு முக்கியமானது எது?

நவம்பர் 11, டிசம்பர் 7, டிசம்பர் 16 என்று மூன்று தேதிகளைக் குறிப்பிட்டு, எது பெரியது என்று கேட்டிருக்கிறீர்கள். தரவரிசை போட எனக்கு வராது. ஐப்பசிக் கடைசியில் தொடங்கி மார்கழி வரைக்கும் வருகிற இந்தத் தேதிகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண்ணில் படுவது ஒன்றுதான்: சேதி போய்ச் சேர ஆன நேரம். அதற்குக் காரணம் எங்கள் அப்பத்தா. அவர் கதை கடைசியில்.

1918 நவம்பர் 11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சில் கொம்பியேன் காட்டுக்குள் நின்ற ஒரு ரயில் பெட்டியில் விடிகாலை 5 மணி வாக்கில் முதல் உலகப் போரை நிறுத்தும் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. ஆனால் சண்டை நிற்பது காலை 11 மணிக்கு என்று எழுதியிருந்தார்கள். இடையில் ஆறு மணி நேரம். முடிவு தெரிந்த தளபதிகளிலேயே சிலர் படையை முன்னேறச் சொன்னார்கள். அந்த ஒரு நாளில் மட்டும் இரு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 2,700 பேர் செத்ததாகக் கணக்கு. ஹென்றி குந்தர் என்ற அமெரிக்கச் சிப்பாய் 10:59-க்குச் சுடப்பட்டார். எதிரே இருந்த ஜெர்மானியர்கள் "வராதே, போ" என்று கை காட்டியும் அவர் ஓடி வந்திருக்கிறார். வீட்டுக்கு எழுதிய ஒரு கடிதத்தால் பதவி இறக்கப்பட்டவர். இழந்த பெயரை மீட்கத்தான் ஓடினார் என்பார்கள்.

ஆப்பிரிக்காவில் இன்னும் மோசம். லெட்டோ-ஃபோர்பெக் என்ற ஜெர்மன் தளபதிக்குப் போர் முடிந்ததே இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். முறைப்படி ஆயுதத்தைக் கீழே வைத்தது நவம்பர் 25-ல். இதே ஆள்தான் 1914 நவம்பர் தொடக்கத்தில் டாங்கா துறைமுகத்தில், தன்னிடம் இருந்ததைப் போலப் பல மடங்கு பெரிய படையைத் துரத்திவிட்டவர். தோற்ற பிரிட்டிஷ்-இந்தியப் படையில் பாளையங்கோட்டைப் பெயர் தாங்கிய காலாட்படையும் இருந்தது. நடுவில் தேனீக்கள் கலைந்து இரு தரப்பையும் கொட்டியதால் அதைத் தேனீச் சண்டை என்றே சொல்கிறார்கள்.

டிசம்பர் 7, 1941, ஹவாயில் பேர்ல் ஹார்பர் என்ற அமெரிக்கக் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கிய நாள். எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: பேச்சுவார்த்தை முறிந்தது என்ற ஜப்பானின் ஓலை வாஷிங்டனில் மதியம் 1 மணிக்குக் கொடுக்கப்பட வேண்டியது. தூதரகத்தில் தட்டச்சு இழுத்துக்கொண்டே போய், கையில் கொடுக்கும்போது மணி 2:20. குண்டு விழத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகப் போகிறது.

சேதி முந்திப் போனதும் உண்டு. 1989 நவம்பர் 9-ல் கிழக்கு பெர்லினில் ஷபோவ்ஸ்கி என்ற கட்சிக்காரர் செய்தியாளர் கூட்டத்தில் கைக் காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லை திறப்பு "இப்போதே, உடனே" என்று சொல்லிவிட்டார். அது மறுநாள் முதல் நடக்க வேண்டியது. ராத்திரியே ஜனம் ஊரை இரண்டாகப் பிரித்த பெர்லின் சுவரண்டை திரண்டுவிட்டது. (அதே நவம்பர் 9-ல்தான் 1914-ல் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவில் சிக்கியது, சென்னையில் குண்டு போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் இன்றைக்கும் எங்கள் பக்கம் கெட்டிக்காரனை "அவன் பெரிய எம்டன்" என்கிறோம், விட மனசு வரவில்லை.)

நம் நாட்டில் 1962 நவம்பர் 18, சீனாவோடு போர் நடந்த சமயம். லடாக்கில் ரெசாங் லா கணவாய், பதினாறாயிரம் அடிக்கு மேல். மேஜர் ஷைதான் சிங்கின் கீழ் 13 குமாவுன் படையின் 120 பேர். நடுவில் மலை மறைத்ததால் பின்னாலிருந்த பீரங்கிகள் உதவிக்கு வர முடியாது. நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கேயே விழுந்தார்கள். தப்பி வந்த சிலர் நடந்ததைச் சொன்னபோது மேலதிகாரிகள் நம்பவில்லை. மூன்று நாளில் சீனா போர் நிறுத்தம் அறிவித்தது. அடுத்த பிப்ரவரியில் ஒரு இடையர் மலைக்குப் போய்ப் பார்த்த பிறகுதான், துப்பாக்கியைப் பிடித்தபடியே உறைந்து கிடந்தவர்களைக் கண்டு ஊர் நம்பியது. தரவரிசை வராது என்றேன், ஆனாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால், நீங்கள் குறிப்பிட்ட மூன்றில் இல்லாத இந்தத் தேதிதான்.

சரி, அப்பத்தாவுக்கு வருகிறேன். காங்கேயம் பக்கம் எங்கள் ஊர். 1971-ல் பெரியப்பா பட்டாளத்தில், கிழக்கு முனையில் இருந்தார். டிசம்பர் 16 டாக்காவில் பாகிஸ்தான் தளபதி நியாசி, நம் ஜெனரல் அரோராவிடம் சரணடைந்தார். ஏறத்தாழ 93,000 பேர் கைதானார்கள். அன்றைக்கு ராத்திரி டீக்கடை ரேடியோவில் கேட்டுவிட்டு ஊரே எங்கள் வாசலுக்கு வந்து, "இனிக் கவலையில்லீங், சண்டை நின்னு போச்சு" என்றார்களாம். அப்பத்தா கேட்டது: "சண்டை நின்னது செரி. எம்பையன் நிக்கறான்னு ஆரு சொன்னது?"

மார்கழி பாதியில் இன்லேண்டு லெட்டர் ஒன்று வந்தது. 99 ஏ.பி.ஓ. என்ற பட்டாளத் தபால் நிலைய முத்திரை. அப்பாவுக்கு அப்போது பதிமூன்று வயது, அவர்தான் படிப்பார். எங்கே இருக்கிறேன், என்ன செய்கிறேன் என்பது எதுவும் இல்லை. நான் சுகம், காட்டில் சோளத்தட்டு அறுத்தாச்சா, செவலைக் காளைக்குக் கால் சரியாச்சா, இவ்வளவுதான். வீட்டில் எல்லோரும் சிரித்துப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அப்பத்தா மட்டும், "எந்தத் தேதி எழுதுனதுடா?" என்றார்.

"பன்னெண்டுங்க ஆத்தா."

"அப்ப இன்னும் நாலு நாள் இருக்குதே" என்று சொல்லிவிட்டுக் கட்டுத்தறிக்குப் போய்விட்டாராம்.

அடுத்த கடிதம் பட்டிப் பொங்கல் கழிந்துதான் வந்தது. தபால்காரரைத் தடத்திலேயே மறித்து வாங்கிக்கொண்ட அப்பா, வாசலுக்கு வந்து சேரும் முன்னாலேயே கத்தியிருக்கிறார்: "ஆத்தா, தேதி இருவது!"