ஷ்லாஃபெண்டெயா, ஷ்லாஃபெண்டெஸ்ஸா? ஜெர்மன் மொழியின் பார்ட்டிட்ஸிப் 1 கேள்வி பதில்

கேள்வி: பார்ட்டிட்ஸிப் 1 (‘தூங்கும்’ போல வினையிலிருந்து பிறக்கும் பெயரடை) எப்படி அமைகிறது? ஈறு எப்போது சேரும்?

பதில்: வினையின் அகராதி வடிவத்தோடு ஒரு ‘ட்’ சேர்த்தால் போதும். ஷ்லாஃபென் (தூங்குதல்), ஷ்லாஃபெண்ட். விலகுபவை ஸையெண்ட், டூவெண்ட் மாதிரி ஓரிரண்டுதான்.

பெயருக்கு முன்னால் வந்தால் மற்றப் பெயரடைகளைப் போலவே ஈறு ஏற்கும்: டாஸ் ஷ்லாஃபெண்டெ கிண்ட் (அந்தத் தூங்கும் குழந்தை), ஐன் ஷ்லாஃபெண்டெஸ் கிண்ட் (தூங்கும் ஒரு குழந்தை), மிட் டேம் ஷ்லாஃபெண்டென் கிண்ட் (அந்தத் தூங்கும் குழந்தையோடு). பெயருக்கு முன் வரும் ஆர்ட்டிகிளான ‘டாஸ்’ அந்தப் பெயரின் இலக்கணப் பாலைக் காட்டிவிடுவதால் ‘எ’ போதும். ‘ஐன்’ அதைக் காட்டாததால் பாலைக் காட்டும் ‘ஸ்’ பெயரடையின் தலையில் விழுகிறது. ஆர்ட்டிகிளே இல்லாவிட்டால் வேற்றுமையையும் அதுவே சுமக்கும்: மிட் கோஹெண்டெம் வாஸர், கொதிக்கும் நீரால்.

கேள்வி: ‘டாஸ் கிண்ட் இஸ்ட் ஷ்லாஃபெண்ட்’ ஏன் தவறு?

பதில்: ‘இஸ்ட்’ ஆங்கில ‘இஸ்’ போன்றது; அது ‘இஸ் ஸ்லீப்பிங்’ என்னும் ஆங்கிலப் பழக்கம். ‘டாஸ் கிண்ட் ஷ்லேஃப்ட்’ என்றாலே தூங்குகிறது, தூங்கிக்கொண்டிருக்கிறது இரண்டும்தான். ஷ்பானெண்ட் (விறுவிறுப்பான), அன்ஷ்ட்ரெங்கெண்ட் (களைப்பூட்டும்) போன்றவை முழுப் பெயரடைகளாகிவிட்டதால் ‘இஸ்ட்’டோடு வரும், ஈறில்லாமல்.

கேள்வி: ‘டேர் அவுஃப் டேம் ஸோஃபா ஷ்லாஃபெண்டெ ஹுண்ட்’ போன்ற நீளத் தொடரை எப்படிப் பிரிப்பது?

பதில்: முதலில் ‘டேர்’ (ஆர்ட்டிகிள்), ‘ஹுண்ட்’ (நாய்) இரண்டையும் பிடியுங்கள். நடுவில் இருப்பது நம்முடைய பெயரெச்சத் தொடரேதான்: சோபாவில் தூங்கும் நாய். சொல் வரிசைகூட மாறவில்லை.

கேள்வி: அப்படியானால் ‘நான் படிக்கும் புத்தகம்’, ‘டாஸ் ஃபோன் மியர் லேஸெண்டெ பூஹ்’ ஆகுமா?

பதில்: ஆகாது. தமிழர் வழுக்கும் இடமே இதுதான். படிக்கும் மாணவன், படிக்கும் புத்தகம், படிக்கும் அறை என்று நம் பெயரெச்சம் யாரோடும் ஒட்டிக்கொள்ளும். பார்ட்டிட்ஸிப் 1 செயலைச் செய்பவரோடு மட்டுமே ஒட்டும். ‘லேஸெண்டெ பூஹ்’ என்றால் புத்தகமே உட்கார்ந்து படிக்கிறது! ‘டாஸ் பூஹ், டாஸ் இஹ் லேஸே’ என்று துணைவாக்கியமாக எழுதுங்கள்.

‘ட்ஸூ’ சேர்ந்தால் கதை வேறு: டாஸ் ட்ஸூ லேஸெண்டெ பூஹ், படிக்க வேண்டிய புத்தகம். வினையில் ‘அவுஸ்’ போலப் பிரியும் முன்னொட்டு இருந்தால் ‘ட்ஸூ’ அதற்கும் வினைக்கும் நடுவே நுழையும். தொழிற்பயிற்சி பெறுபவரைக் குறிக்கும் ‘அவுஸ்ட்ஸுபில்டெண்டெ’ இப்படி வந்ததுதான். நேர்ப்பொருள், பயிற்றுவிக்கப்பட வேண்டியவர். பேச்சில் சுருக்கமாக அட்ஸுபி.

கேள்வி: ‘ஆன்கொமெண்டெ ட்ஸூக்’, ‘ஆன்கெகொமெனெ ட்ஸூக்’ இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

பதில்: முதலாவது வந்துகொண்டிருக்கும் ரயில், இரண்டாவது வந்துவிட்ட ரயில். முதலாவதற்குத் தனிக் காலம் கிடையாது. முக்கிய வினை இறந்தகாலமானால் ‘அப்போது வந்துகொண்டிருந்த ரயில்’ என்றே கொள்ள வேண்டும்.