மறுமொழி: இறவாரத்தில் பனிக்கட்டி, படுக்கையறையில் நீர்க்கசிவு

வணக்கம். ஒட்டாவாவில் உங்கள் வீட்டு இறவாரத்தில் பனிக்கட்டி தடித்துப் படுக்கையறைக்குள் நீர் கசிகிறது, நாளை ஏணி வைத்துக் கோடாரியால் உடைக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து ஏறாதீர்கள்! கட்டியோடு கூரை மேல் பதித்த ஷிங்கிள் தகடுகளும் பெயர்ந்துவிடும். உறைந்த தரையில் ஏணி வழுக்கினால் என்ன ஆவது?

வீட்டுச் சூடு கூரைக்கடியிலுள்ள பரணுக்குள் கசிந்து கூரைப் பனியை அடியிலிருந்து உருக்குகிறது. அந்த நீர், சூடு எட்டாத இறவாரத்துக்கு வந்ததும் உறைந்து வரப்பாகிவிடுகிறது. அதன் பின்னால் தேங்கும் நீர்தான் ஷிங்கிளுக்கு அடியில் புகுந்து உள்ளே இறங்குகிறது.

இப்போதைக்குத் தரையில் நின்றபடியே, நீண்ட கைப்பிடி வாரியால் விளிம்பிலிருந்து 3, 4 அடிக்குப் பனியை இழுத்துத் தள்ளுங்கள். மின்கம்பி அருகே வேண்டாம். கல்லுப்பும் வேண்டாம், கூரை விளிம்பில் நீர் வடியும் பீலியை அரித்துவிடும். கட்டியை நீராவியால் கரைப்பவர்களை அழையுங்கள்.

எங்கள் வீட்டில் குளியலறை விசிறியின் குழாய் வெளியே போகாமல் பரணுக்குள்ளேயே ஈரச்சூட்டைக் கக்கிக்கொண்டிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது, கூரைப் பலகையில் நீட்டிய ஆணி முனைகளிலெல்லாம் வெள்ளை வெளேரென்று உறைபனி பூத்திருந்தது. குழாயை வெளியே திருப்பி, இடுக்குகளை அடைத்து, வெப்பக்காப்பைத் தடிப்பாக்கிய பிறகே கசிவு நின்றது. இறவாரக் காற்றுத்துளைகளை மட்டும் மூடிவிடாதீர்கள்.

உங்கள் பரணிலும் ஆணி முனைகளைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.