டே கேரில் அரசு உரிமம் இருக்கிறது என்றால் நம்பிக் குழந்தையை விடலாமா? ஆய்வுக்கெல்லாம் நிஜமாகவே யாராவது வருகிறார்களா?

கேட்டவர் தன் குழந்தைக்கு இரண்டு வயது என்றும், பார்க்கப் போன டே கேரில் "லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டதற்குச் சுவரில் ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்ததைக் காட்டினார்கள் என்றும் எழுதியிருக்கிறார். மகப்பேறு விடுப்பெல்லாம் முடிந்து, வீட்டில் பார்த்துக்கொள்ளப் பெரியவர்களும் இல்லாமல், வேலையை விடவும் முடியாமல் இருக்கும் ஒரு அம்மா என்று நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அப்பாவாக இருந்தாலும் பதில் இதேதான்.

சான்று இல்லாத இடத்துக்குள் காலே வைக்காதீர்கள். சான்று இருக்கிற இடத்தில், அதைப் பார்த்த திருப்தியோடு கிளம்பியும் வந்துவிடாதீர்கள்.

நான் 2016 முதல் 2020 வரை ஒரு ப்ளே ஸ்கூலும் அதோடு சேர்ந்த டே கேரும் நடத்தியவள். ஊர்ப் பெயர் வேண்டாம். கும்பகோணத்திலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கும்பகோணத்தைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. நான் அப்போது அங்கே கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். காசிராமன் தெருப் பள்ளியில் சமையல் கொட்டகையில் பிடித்த தீ, மாடி வகுப்புகளின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. இறங்குவதற்குக் குறுகலான படிக்கட்டு. 94 குழந்தைகள். அன்று மதியம் எங்கள் விடுதியில் யாரும் சாப்பிடவில்லை. நாம் ஒரு நாள் பள்ளி ஆரம்பித்தால் கீற்றும் கூடாது, மாடியும் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அதனால் 2016-இல் வாடகைக்குப் பிடித்தது தளம் போட்ட தனி வீடு. தமிழக அரசு 2015-இல் ப்ளே ஸ்கூல்களுக்கென்று தனி விதிமுறைகள் கொண்டுவந்திருந்தது. குறுக்கு வழியில் போகிறவர்கள் போகட்டும், நாம் முறைப்படி செய்வோம் என்று இறங்கினேன். முறைப்படி என்றால் நான்கு காகிதங்கள். பொறியாளரிடம் கட்டட உறுதிச் சான்று. 1965-ஆம் வருடத்துப் பொதுக் கட்டட உரிமச் சட்டத்தின்படி தாசில்தாரிடம் கட்டட உரிமம். சுகாதாரத் துறையிடம் சுகாதாரச் சான்று. தீயணைப்புத் துறையிடம் தடையின்மைச் சான்று. இந்த நான்கையும் வைத்துக்கொண்டு அப்புறம் கல்வித் துறையிடம் அங்கீகாரத்துக்குப் போக வேண்டும். எனக்கு எல்லாம் முடிய ஏழு மாதம் ஆனது.

இந்த ஏழு மாதத்தில் என் இடத்தைப் பார்க்க வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் பார்த்தது ஃபைலை. ஒருவர் கேட்டை ஒட்டிப் போட்ட நாற்காலியிலேயே உட்கார்ந்து, டீ குடித்து, பக்க எண் போடவில்லை என்று சொல்லி எழுந்து போனார். குழந்தைகள் தூங்கப் போகிற அறைக்குள் அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "காசு கொடுத்துத்தானே வாங்கியிருப்பாய்" என்று கேட்கப் போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். இரண்டு இடத்தில் கேட்டார்கள். ஒரு இடத்தில் கொடுத்தேன். பள்ளி திறக்கிற ஜூன் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது, பன்னிரண்டு பெற்றோர் முன்பணம் கட்டியிருந்தார்கள், ஃபைல் ஆறு வாரமாக ஒரே மேசையில் கிடந்தது. கொடுத்தது தப்புதான். அதற்காக அதிகாரிகள் எல்லோரும் அப்படி என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன், ஏனென்றால் நான் கற்றுக்கொண்ட விஷயமே அவர்களில் ஒருவரிடம்தான்.

தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்த அலுவலர் அவர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வாசலில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. "உங்க பிள்ளைங்கள்ல சின்னது எவ்ளோ உயரம்மா இருக்கும்?" என்று கேட்டார். கையால் காட்டினேன். அவ்வளவு பெரிய மனிதர், காக்கி உடுப்போடு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அந்த உயரத்திலேயே நகர்ந்து நகர்ந்து வீடு முழுக்கப் பார்த்தார். ஒன்றரை அடி உயரத்தில் இருந்த பிளக் பாயிண்ட், பீரோவின் கூர் முனை, திரைச்சீலைக் கயிறு என்று நான் நின்றுகொண்டு நூறு தடவை பார்த்தும் கண்ணில் படாத ஒவ்வொன்றும் அவர் கண்ணில் பட்டது.

அப்புறம் என் ஆயாம்மாவைக் கூப்பிட்டு, சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பானை எடுக்கச் சொன்னார். ஆறு கிலோ ஏ.பி.சி. பவுடர் சிலிண்டர். நான் என் உயரத்துக்கு மாட்டியிருந்தேன். ஆயாம்மா எக்கி எக்கிப் பார்த்தார், கைப்பிடி எட்டவில்லை. "மேடம் வெளியே போயிருக்கும்போது தீப்பிடிச்சா இவங்கதானே எடுக்கணும்?" என்றார் அலுவலர். எனக்கு முகம் சுருங்கிப்போனது. கீழே இறக்கி மாட்டவைத்தார். கொல்லையில் கொஞ்சம் வைக்கோலைப் போட்டுக் கொளுத்தி, ஆயாம்மாவையே பின்னைப் பிடுங்கி, கைப்பிடியை அமுக்கி, தீயின் அடிப்பக்கம் பார்த்து அடிக்கச் சொன்னார். அதுவரை அந்தச் சிவப்பு சிலிண்டரைத் தொடவே பயந்துகொண்டிருந்தவர் அவர்.

கடைசியாகப் பக்கச் சந்துக்குப் போனார். அங்கே தண்ணீர் சம்ப். சதுரமான இரும்பு மூடி, நடுவில் ஒரு வளையம், மேலே புதிதாகப் பச்சை பெயிண்ட். நான்தான் அடிக்கச் சொல்லியிருந்தேன். அவர் ஒரு காலை மூடியின் மூலையில் வைத்து லேசாக அழுத்தினார். எதிர் மூலை மேலே தூக்கியது. வளையத்தைப் பிடித்துத் தூக்கித் திருப்பிக் காட்டினார். மேல்பக்கம் பச்சை, அடிப்பக்கம் துரு, அப்பளம் போலப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. ஒரு இடத்தில் விரலால் குத்தினார், விரல் அந்தப் பக்கம் போய்விட்டது. கீழே எட்டடி ஆழத்தில் தண்ணீர் கறுப்பாக நின்றது.

"இது என் ஃபார்ம்ல இல்லம்மா. ஆனா இத மாத்தாம நான் கையெழுத்து போடமாட்டேன்" என்றார்.

நான் அவரோடு சண்டை போட்டேன். உங்கள் வேலை தீயைப் பார்ப்பது, தண்ணீர்த் தொட்டியைப் பற்றி ஏன் பேசுகிறீர்கள் என்று கேட்டேன். இவரும் எதையோ எதிர்பார்த்துத்தான் இழுக்கிறார் என்று மனதுக்குள் நினைத்தேன். அப்படி நினைத்ததை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. கிரில் பட்டறையில் சொல்லி, கீலும் பூட்டும் வைத்த கனமான மூடி ஒன்று செய்தேன். 3,800 ரூபாய், ஒன்பது நாள். பத்தாவது நாள் அவரே வந்து, மூடியின் மேல் ஏறி நின்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். டீகூட வேண்டாம் என்றுவிட்டார்.

2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு பள்ளியின் செப்டிக் டேங்க்கில் விழுந்து எல்.கே.ஜி. குழந்தை இறந்தது. அதே வருடம் ஏப்ரலில் மதுரை கே.கே. நகரில் ஒரு மழலையர் பள்ளியில் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து நான்கு வயதுக் குழந்தை இறந்தது. அந்த இரண்டு செய்தியையும் படித்த நாட்களில் அந்தத் துருப்பிடித்த மூடி என் கண்முன் வந்து நின்றது. அவர் மட்டும் ஃபார்மில் இருப்பதை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருந்தால் அப்படியொரு செய்தி என் பள்ளியைப் பற்றியும் வந்திருக்கும்.

ஆய்வுக்கு வருவார்களா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். திறந்த பிறகு நான்கு வருடத்தில் எனக்கு இரண்டு தடவை வந்தார்கள். இரண்டு தடவையும் முதல் நாளே போன் வந்துவிட்டது. சொல்லிவிட்டு வந்தால் எந்த இடமும் சுத்தமாகத்தான் இருக்கும். சிங்கப்பூரில் இருக்கும் என் நாத்தனார் மகள் அங்கே பாலர் பள்ளி ஆசிரியை. அங்கே சொல்லாமல் கொள்ளாமல் வருவார்களாம். உரிமமும் அதிகபட்சம் மூன்று வருடத்துக்குத்தான், நடத்துகிற லட்சணத்தைப் பொறுத்து அதைவிடக் குறைவாகவும் கொடுப்பார்கள். 2024 ஜூலையிலிருந்து கண்காணிப்பு கேமராவும் கட்டாயமாகிவிட்டது. அது பணக்கார ஊர், நமக்கு எப்படி என்பீர்கள். போன் செய்யாமல் வருவதற்குப் பணம் எதற்கு?

இன்னொன்று. உங்கள் குழந்தைக்கு இரண்டு வயது. தேசியக் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையம் தனியார் ப்ளே ஸ்கூல்களுக்கு வெளியிட்ட வழிகாட்டி நெறிகள் மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கானவை. இருபது பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர், ஒரு பராமரிப்பாளர் என்ற கணக்கும் அந்த வயதுக்குத்தான். இரண்டு வயதுக் குழந்தைக்கு அந்தக் கணக்கு எப்படிப் போதும்? நான் ஆறு பேருக்கு ஒருவர் என்று வைத்திருந்தேன், அதற்கே மதியம் மூச்சுத் திணறும். எனவே ப்ளே ஸ்கூலுக்கு வாங்கிய அங்கீகாரத்தைக் காட்டி, மாடியில் கைக்குழந்தைகளையும் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஃப்ரேமில் இருப்பதை வாசித்தும் பாருங்கள். நிறைய இடங்களில் அது பெரிய பிராண்டு கொடுத்த ஃப்ராஞ்சைஸ் பத்திரம், இல்லாவிட்டால் ஜி.எஸ்.டி. பதிவு. தங்க நிற பார்டரைப் பார்த்ததும் உரிமம் என்று நினைத்துக்கொள்கிறோம். உரிமமாகவே இருந்தாலும் அதில் இருக்கிற முகவரி வேறு கிளையுடையதா, தேதி முடிந்துவிட்டதா என்று பாருங்கள். அப்புறம், நீங்கள் வேலை பார்க்கும் இடத்தில் 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் அங்கேயோ பக்கத்திலோ காப்பக வசதி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோதே அது வந்துவிட்டது. நாளுக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரவும் விட வேண்டும். எச்.ஆரிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

என்னிடம் நான்கு வருடத்தில் தீயணைப்புச் சான்றைக் காட்டச் சொன்ன பெற்றோர் இரண்டே பேர். மற்ற எல்லோரும் கேட்டது ஏ.சி. உண்டா, இங்கிலீஷ் பேசவைப்பீர்களா என்பதுதான். பெற்றோரைக் குறை சொல்கிறாள் என்று கோபப்படாதீர்கள். கேட்கத் தெரியாததால்தான் கேட்பதில்லை. எனக்கே அந்த அலுவலர் வந்த பிறகுதான் தெரிந்தது.

இவ்வளவு சிரத்தையாக நடத்தியவள் ஏன் மூடினாய் என்றும் கேட்பீர்கள். கொரோனாதான் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் காரணம் வாடகைக்கு விட்ட வீட்டின் சொந்தக்காரர். குழந்தைகள் உயரத்துக்கு இரண்டு கழிவறை என் காசில் கட்டினேன், காம்பவுண்டு சுவரை உயர்த்தினேன், சம்ப் மூடியை மாற்றினேன். சான்றெல்லாம் கைக்கு வந்த அடுத்த மாதமே "இப்ப இது கமர்ஷியல் இடம் ஆயிடுச்சே" என்று வாடகையை ஏற்றினார். அங்கீகாரத்தைப் புதுப்பிக்க அவர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் வேண்டும். ஒவ்வொரு தடவையும் அந்தக் கையெழுத்துக்கு ஒரு விலை. 2020-இல் பள்ளி பூட்டிக்கிடந்த மாதங்களுக்கும் முழு வாடகை கேட்டார். முறைப்படி நடத்த நினைக்கிற பெண்களுக்குச் சொந்தக் கட்டடம் இருக்காது, வாடகை வீட்டுக்காரர் தயவில்தான் எல்லாம் ஓட வேண்டும். இதைப் பற்றி நான் படித்த எந்த விதியிலும் ஒரு வரி இல்லை. இப்போது அங்கே டைல்ஸ் கடை. அந்தச் சின்னக் கழிவறைகளை இடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு நாள் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. சரி, அதை விடுங்கள்.

போன வருடம் சென்னையில் என் அண்ணன் மகளோடு அவள் பிள்ளைக்கு டே கேர் பார்க்கப் போனேன். நான்கு இடம் பார்த்தோம். முன்கூட்டிச் சொல்லாமல், மதியம் ஒரு மணிக்கு, சாப்பிட்டுத் தூங்கவைக்கிற நேரமாகப் பார்த்துப் போனோம். அந்த நேரத்தில்தான் ஆள் எத்தனை என்பது தெரியும். ஒருத்தி கேட்டைத் திறக்க வந்துவிட்டால் உள்ளே பிள்ளைகளோடு யார் இருக்கிறார்கள் என்பதும் தெரியும். முதல் இரண்டு இடத்தில் உள்ளே பிள்ளைகளோடு யாருமே இல்லை. மூன்றாவது இடத்தில் தீயணைப்பானின் முள் பச்சையில் இல்லை, சிவப்பில் நின்றது. அழகான சறுக்குமரம், அழகான பந்துக் குளம். திரும்பிவிட்டோம்.

நான்காவது இடம் பார்வைக்குச் சுமார்தான். பெயிண்ட் உரிந்திருந்தது. நான் வழக்கம்போல ஆயாம்மாவிடம் தீயணைப்பானை எடுக்கத் தெரியுமா என்று கேட்டேன். சோறு ஊட்டிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார், பக்கத்தில் இருந்த பெண்ணிடம் "பாப்பாவ பாத்துக்க" என்று சொல்லிவிட்டு. கொக்கியிலிருந்து கழற்றி, பின் எங்கே இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டினார். சம்ப்புக்குப் பூட்டு போட்டிருந்தது. சாவி எங்கே என்றேன், இடுப்பில் செருகியிருந்ததை எடுத்தார். கேட்டின் கொண்டி மட்டும் குழந்தைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது. நடத்துகிற அம்மாவிடம் சொன்னேன். முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார். இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தோம், கொண்டி மேலே ஏறியிருந்தது. அன்றைக்கே பணம் கட்டிச் சேர்த்துவிட்டோம்.