பாதரசம் தங்கமாகுமா? தனிம மாற்றம் பற்றிக் கேள்வி பதில்

தனிம மாற்றம் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் வந்த கேள்விகளில் பாதி தங்கத்தைப் பற்றியவை. அவை கடைசியில். முதலில் தங்கம் இல்லாத கேள்விகளைப் பார்த்துவிடுவோம்.

சார், ஒரு தனிமம் இன்னொன்றாக மாறுகிறது என்று முதன்முதலில் கண்டுபிடித்தது யார்? (பிளஸ் டூ மாணவி)

தானாக மாறுவதைக் கண்டுபிடித்தவர்கள் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டும் ஃப்ரெடெரிக் சாடியும். இடம் கனடாவில் மான்ட்ரியல், மக்கில் பல்கலைக்கழகம். காலம் 1901, 1902. தோரியத்திலிருந்து ஒரு வாயு ஓயாமல் கசிந்துகொண்டிருந்தது. அதன் கதிரியக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அது என்ன வாயு என்று பார்ப்பது வேதியியல்காரரான சாடியின் பொறுப்பு. பழுக்கக் காய்ந்த பிளாட்டினக் கருந்தூள் வழியே செலுத்தினார். மெக்னீசியத் தூள், துத்தநாகத் தூள், ஈயக் குரோமேட் என்று ஒவ்வொன்றாக முயன்றார். எதனோடும் அது சேரவில்லை. எதனோடும் சேராத வாயு என்றால் அது ஆர்கான் குடும்பம்தான். ஆக, தோரியம் என்ற உலோகம் நடுவில் சில படிகளைக் கடந்து ஒரு மந்த வாயுவாக மாறிக்கொண்டிருக்கிறது!

“இது தனிம மாற்றம்” என்று சாடி கத்த, “அந்தப் பெயரைச் சொல்லித் தொலைக்காதே, ரசவாதிகள் என்று நம் தலையை எடுத்துவிடுவார்கள்” என்று ரூதர்ஃபோர்டு பதறினாராம். சாடியே பிற்காலத்தில் சொன்னது இது. அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. தனிமம் மாறாது என்பதன் மேல்தான் நூறு வருட வேதியியலே நின்றுகொண்டிருந்தது.

எங்கள் ஊர் மணவாளக்குறிச்சி. இங்கே மணலில் தோரியம் இருக்கிறதே, அதிலும் இது நடக்கிறதா ஐயா?

நடக்கிறது. நீங்கள் இதைப் படிக்கும்போதும் நடக்கிறது. அந்த மணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தில் தோரியம் இருக்கிறது. அதன் அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் மாறி முடிய ஆகும் காலம், சுமார் 1,400 கோடி ஆண்டுகள். ஒவ்வொரு தோரிய அணுவும் 6 ஆல்ஃபா துகள்களையும் (இரண்டு புரோட்டான் உள்ள ஹீலியம் அணுக்கரு) 4 பீட்டா துகள்களையும் (எலக்ட்ரான்) வெளியேற்றிக் கடைசியில் ஈயமாக நிற்கும். வழியில் ஒரு படியாக வருவதுதான் மக்கில்லில் பிடித்த அதே வாயு.

ரூதர்ஃபோர்டு 1919இல் நைட்ரஜனை ஆக்சிஜனாக மாற்றினார் என்று பாடத்தில் இருக்கிறது. சரிதானே அண்ணா?

பாதி சரி தம்பி. மாற்றினார், ஆனால் மாறி வந்தது ஆக்சிஜன் என்று அவருக்கு அப்போது தெரியாது.

முதல் உலகப் போர் நேரம், மான்செஸ்டர். பகலில் நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்கும் வேலை, இடையில் கிடைத்த நேரத்தில் இது. பித்தளைப் பெட்டிக்குள் ஆல்ஃபா துகள்களை வீசும் கதிரியக்க மூலம். பெட்டியின் ஒரு முனையில் மெல்லிய உலோகத் தகடு, அதற்கு வெளியே துத்தநாக சல்பைடு பூசிய சிறு திரை, அதை நோக்கி ஒரு நுண்ணோக்கி. திரையில் துகள் மோதும்போதெல்லாம் ஒரு பொட்டு ஒளி மின்னி மறையும். கண் பழகும்வரை இருட்டில் உட்கார்ந்திருந்து அந்தப் பொட்டுகளை எண்ண வேண்டும். கண் சீக்கிரம் களைத்துவிடும் என்பதால் கொஞ்ச நேரம் எண்ணி, ஓய்வெடுத்து, மறுபடியும் எண்ண வேண்டும்.

பெட்டிக்குள் ஆக்சிஜனை விட்டால் எதிர்பார்த்தபடி பொட்டுகள் குறைந்தன. உலர்ந்த காற்றை விட்டால் கூடின. தூய நைட்ரஜனில் இன்னும் கூடின. ஆல்ஃபா துகள் போய்ச் சேர முடியாத தொலைவிலும் ஏதோ வந்து மோதுகிறது. பார்த்தால் ஹைட்ரஜன் அணுக்கரு மாதிரி இருக்கிறது. நைட்ரஜனில் ஒளிந்திருந்த ஹைட்ரஜனோ, ஈரமோ, வேறு மாசோ என்று ஒவ்வொன்றாகச் சோதித்துக் கழித்த பிறகுதான் அணுக்கரு உடைகிறது என்று எழுதினார். 1917 டிசம்பரிலேயே டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போருக்கு எழுதிய கடிதத்தில் அணுவை உடைக்கப் பார்ப்பதாகச் சொன்னவர், கட்டுரையை வெளியிட்டது 1919 ஜூனில். அந்த ஒன்றரை வருடப் பொறுமைக்குத்தான் நான் மதிப்பெண் போடுவேன்.

ஆல்ஃபா மோதியதில் நைட்ரஜனிலிருந்து ஒரு புரோட்டான் பெயர்ந்து விழுந்தது என்பது அவர் நினைப்பு. கேம்பிரிட்ஜில் பாட்ரிக் பிளாக்கெட், துகள் போன தடத்தைக் கண்ணுக்குக் காட்டும் முகில் அறையில் சுமார் 23,000 படங்கள் எடுத்தார். அவற்றில் பதிந்த ஆல்ஃபா தடங்கள் 4 லட்சத்துக்கு மேல். எதிர்பாராத மாதிரி கிளை பிரிந்தவை எட்டே எட்டு! எட்டிலும் மோதிய ஆல்ஃபா வெளியே வரவில்லை, நைட்ரஜனுக்குள்ளேயே தங்கிவிட்டது. நைட்ரஜனின் 7 புரோட்டானோடு ஆல்ஃபாவின் 2 சேர்ந்து 9, ஒன்று வெளியே போக மீதி 8. எது என்ன தனிமம் என்பதைப் புரோட்டான் எண்ணிக்கைதான் தீர்மானிக்கும். எட்டு என்றால் ஆக்சிஜன்; நிறை எண் (புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்து) 17. இது 1925இல் வெளிவந்தது. உங்கள் பாடப் புத்தகம் இரண்டு பேரின் வேலையை ஒருவர் கணக்கில் எழுதிவிட்டது.

தவறாகப் போன முயற்சிகளும் உண்டா?

நிறைய, அதுவும் பெரிய ஆட்களிடமிருந்து. மந்த வாயுக்களுக்காக 1904இல் நோபல் வாங்கிய வில்லியம் ராம்சே, ரேடியத்திலிருந்து வரும் வாயுவால் தாமிரத்தை லித்தியமாக மாற்றிவிட்டதாக 1907இல் அறிவித்தார். மேரி கியூரியும் எலன் கிளெடிட்ச்சும் கண்ணாடிப் பாத்திரத்துக்குப் பதில் பிளாட்டினப் பாத்திரத்தில் அதையே செய்து பார்த்தார்கள். லித்தியத்தைக் காணோம். கண்ணாடியிலிருந்து கரைந்து வந்த லித்தியத்தைத்தான் ராம்சே பார்த்திருக்கிறார்.

1926இல் பெர்லினில் பானெத், பீட்டர்ஸ் இருவரும் ஹைட்ரஜனை ஹீலியமாக்கியதாகச் சொன்னார்கள். அந்த ஹீலியமும் கண்ணாடியும் கல்நாரும் விட்டதுதான். ஆனால் அடுத்த வருடமே அவர்களே அதைச் சொல்லிவிட்டார்கள். அந்த நேர்மை எல்லோருக்கும் வராது.

சரி, தங்கத்துக்கு வாருங்கள் சார். பாதரசத்தைத் தங்கமாக்கிய ஜெர்மன்காரர் கதை உண்மையா? (நகைப் பட்டறை வைத்திருப்பவர்)

அடால்ஃப் மீத்தெ. பெர்லின் தொழில்நுட்பக் கல்லூரிப் பேராசிரியர், புகைப்பட வேதியியலில் பெரிய ஆள். பாதரச விளக்குகள் நெடுநேரம் எரிந்த பிறகு உள்ளே படிந்த கறுப்புப் படிவில் துளித் தங்கம் இருப்பதாக 1924இல் அறிவித்தார். டோக்கியோவில் ஹன்டாரோ நகவோகாவும் அதே காலத்தில் அதே மாதிரி சொன்னார். பாதரசம் 80, தங்கம் 79, ஒரே ஒரு புரோட்டான் வித்தியாசம். யாருக்கும் ஆசை வரும். ஜெர்மனியில் பணம் காகிதமாகிப் போன மறுவருடம் வேறு.

பாதரசம் தங்கத்தை எப்படிப் பிடித்துக்கொள்ளும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கேதான் சிக்கல். காய்ச்சி வடித்தாலும் தங்கத்தின் மிச்சம் கூடவே வரும். அமெரிக்காவில் கவனமாகத் திரும்பச் செய்து பார்த்தபோது தங்கம் வரவில்லை. பெர்லினில் ஃபிரிட்ஸ் ஹேபரின் ஆய்வகமும் சோதித்து, ஏற்கெனவே இருந்த தங்கம்தான் என்றது.

வரவும் முடியாது. விளக்குக்குள் ஓர் எலக்ட்ரானுக்குக் கிடைக்கும் ஆற்றல் சில எலக்ட்ரான் வோல்ட்டிலிருந்து நூற்றுச் சொச்சம் வரை. அணுக்கருவுக்குள் நடக்கும் கணக்கெல்லாம் லட்சங்களில், பல லட்சங்களில். கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர்கள் காக்ராஃப்ட்டும் வால்டனும் 1932இல் லித்தியத்தைப் புரோட்டானால் அடித்து இரண்டு ஹீலியமாகப் பிளந்தபோது, விளைவு தெரிய ஆரம்பித்ததே 1.25 லட்சம் வோல்ட்டில்.

அப்படியானால் சித்தர்கள் செம்பைப் பொன்னாக்கியது?

உலையாலும் புடத்தாலும் அணுக்கருவைத் தொட முடியாது. அதனால் தங்கம் வந்திருக்காது. பாதரசத்தையும் கந்தகத்தையும் அவர்கள் கையாண்ட விதம் தனிக் கதை. அதை இதில் சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

உருவான புதுத் தனிமத்தை யாராவது கையில் பிடித்துக் காட்டினார்களா? எல்லாம் தடமும் பொட்டும்தானா?

நல்ல கேள்வி. 1934 வரை அப்படித்தான். அந்த வருடம் பாரிசில் ஐரீன், ஃப்ரெடெரிக் ஜோலியோ-கியூரி தம்பதி அலுமினியத் தகட்டின் மேல் பொலோனியத்தின் ஆல்ஃபா கதிர்களைப் பாய்ச்சினார்கள். பொலோனியத்தை எடுத்த பிறகும் தகடு கதிர்வீசியது. 13உம் 2உம் 15, அதாவது பாஸ்பரஸ். ஆனால் அதற்கு இரண்டரை நிமிட அரை ஆயுள்தான்! தகட்டை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டார்கள். அலுமினியம் கரைந்து தங்கிவிட, கிளம்பிய ஹைட்ரஜனோடு பாஸ்பரஸ் வாயுவாக மேலே வந்தது. அதைக் குழாயில் பிடித்துக் கதிரியக்க அளவியின் பக்கத்தில் வைத்தால் கதிரியக்கம் முழுக்கக் குழாயில், அமிலத்தில் மிச்சமில்லை. எல்லாம் சில நிமிடங்களுக்குள். 1935 வேதியியல் நோபல் அவர்களுக்குத்தான்.

கடைசியாக: இன்றைக்கு நிஜமாகவே தங்கம் செய்ய முடியுமா, முடியாதா?

முடியும். 1941இல் ஹார்வர்டில் பாதரசத்தை வேக நியூட்ரான்களால் அடித்துத் தங்கம் செய்தார்கள். கதிர்வீசி அழிந்துபோகும் தங்கம். ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆய்வகத்தில் ஈய அணுக்கருக்கள் ஒன்றையொன்று தொடாமல் மிக நெருங்கிப் போகும்போது மூன்று புரோட்டான் கழன்று தங்கமாகின்றன. 2015 முதல் 2018 வரை உண்டானவை சுமார் 8,600 கோடி அணுக்கருக்கள் என்று 2025இல் கணக்குச் சொன்னார்கள். எடைபோட்டால், ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காகப் பிரித்து அதில் 29 பங்கு. அதுவும் நொடியில் ஒரு துணுக்கு நேரம் இருந்துவிட்டு, குழாய்ச் சுவரில் மோதிச் சிதறிவிடும். பட்டறைக்காரர் தொழிலை மாற்ற வேண்டாம்.