புச்சா, புய்க்கா? பெயரடைவில் ஒரு கட்டலான் குடும்பப் பெயர்

கேள்வி: ஸ்பெயினின் இருபதாம் நூற்றாண்டு வரலாறு பற்றிய மொழிபெயர்ப்பு நூலுக்குப் பெயரடைவு தயாரிக்கிறேன். ஆங்கிலத்தில் பி, யு, ஐ, ஜி என்று எழுதப்படும் குடும்பப் பெயர் பலருக்கு இருக்கிறது. ‘புயிக்’ என்று எழுதலாமா? எந்த எழுத்தின் கீழ் அடுக்குவது? இவர்கள் எல்லாரும் உறவினர்களா?

பதில்: ஸ்பெயினின் வடகிழக்குப் பகுதியான கட்டலோனியாவைச் சேர்ந்தவர் என்றால் ‘புச்’ என்றே எழுதுங்கள். அங்கே பேசும் கட்டலான் மொழியில் சொல்லின் கடைசியில் வரும் ‘ஐ-ஜி’ நம் ‘பீச்’, ‘கோச்’ ஆகியவற்றின் ‘ச்’தான். பழைய குடும்பப் பெயர்களில் இன்னொரு பொறியும் உண்டு: கடைசியில் வரும் ‘சி-எச்’ அங்கே ‘க்’ ஆகிவிடும். அதனால் கட்டிடக் கலைஞரை ஜுசெப் புச் இ கடஃபால்க் என்றும், ஃபிராங்கோவின் சர்வாதிகாரத்தை எதிர்த்த இளைஞரை சல்வடோர் புச் அந்திக் என்றும் எழுத வேண்டும்.

அடுக்குவதில்தான் பலர் தவறுகிறார்கள். மேலைநாட்டுப் பெயர் என்றதும் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொள்வது நம் பழக்கம். கட்டலான் பெயரில் வழக்கமாக முதலில் தந்தை வழிப் பெயர், பிறகு தாய் வழிப் பெயர். நடுவில் வரும் ‘இ’ என்பது ‘உம்’; சிலர் அதைச் சேர்ப்பதில்லை. புச் இ கடஃபால்க் (1867–1956) சாதாரண ஆளில்லை. பார்சலோனாவில் கட்டிடக் கலைஞர் கௌடி பின்னர் புதுப்பித்த புகழ்பெற்ற வீட்டை ஒட்டி, ஒரு சாக்லேட் உற்பத்தியாளருக்காக 1900-ல் படிக்கட்டு முகப்பு கொண்ட வீட்டை முடித்தவர். 1917-ல் கட்டலோனிய மாகாணங்களின் கூட்டமைப்புக்குத் தலைவரானவர். புச் அந்திக்கை ஃபிராங்கோ அரசு 1974 மார்ச் 2 அன்று, 25 வயதில், கழுத்தை நெரிக்கும் இரும்புக் கருவியால் கொன்றது. இருவரையும் ‘பு’வில் வையுங்கள். ‘அந்திக்’ என்று மட்டும் போட்டால் அந்த இளைஞரின் தந்தை வழிப் பெயரே அடைவிலிருந்து காணாமல் போகும். ‘கடஃபால்க் – காண்க: புச் இ கடஃபால்க்’ என்று ஒரு குறிப்பும் சேர்த்தால் தேடுபவர்களுக்கு உதவும்.

உறவைப் பொறுத்தவரை, பெயர் ஒன்றாக இருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ‘புச்’ என்றால் குன்று. குன்றோரம் வாழ்ந்த குடும்பங்கள் வெவ்வேறு ஊர்களில் தனித்தனியாகவே இந்தப் பெயரைப் பெற்றன.

அப்புறம், கடல் கடந்து போனவர்களுக்கு இந்த விதியைத் திணிக்காதீர்கள். அர்ஜென்டினா எழுத்தாளர் மனுவேல் புய்க், கியூபாவில் பிறந்த பேஸ்பால் வீரர் யாசியேல் புவீக் ஆகியோரின் பெயர் ‘க்’ ஒலியில்தான் முடியும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் புவேர்ட்டோ ரிக்கோவுக்கு முதல் தங்கம் வென்ற டென்னிஸ் வீராங்கனை மோனிகா புவிக் பெயரும் அப்படியே. அவரவர் நாட்டில் அழைப்பதை எழுதுவதே மரியாதை.

கட்டலோனியாவின் முன்னாள் தலைவர் கார்லஸ் புஜ்தமோன் பெயரிலும் அதே குன்று இருக்கிறது. ஆனால் அது ஒரே சொல், ஒலியும் ‘ஜ்’ ஆகிறது. கிரந்த எழுத்துகளைக் கடைசியில் வைப்பது உங்கள் அடைவின் முறை என்றால், அவர் ‘புன’வுக்கும் பின்னால்தான் வருவார்.