டூல் ரூம் கேள்வி பதில்: மருத்துவப் பாகத்துக்கு மோல்டு வரையும்போது

கேள்வி: பதினெட்டு ஆண்டுகளாக வீட்டுப் பிளாஸ்டிக் பொருள்களுக்கும் பம்பு உதிரிப் பாகங்களுக்கும் மோல்டு (வார்ப்பு அச்சு) செய்து வருகிறோம். இப்போது குளுக்கோஸ் ஏற்றும் குழாயில் பொருத்தும் லூயர் இணைப்பியை (கூம்பு முனைகள் ஒன்றுக்குள் ஒன்று செருகி இறுகும் இணைப்பு), பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில், எட்டுக் கேவிட்டி (பாகம் உருவாகும் குழி) மோல்டாகச் செய்து தரும் வாய்ப்பு வந்திருக்கிறது. வாங்குபவர் விலைப்புள்ளியோடு இடர் ஆய்வுக் கோப்பும் வேண்டும் என்கிறார். இது வெறும் காகித வேலையா, வடிவமைப்பையே மாற்றக்கூடியதா? எங்கிருந்து தொடங்குவது, ஐயா?
— டூல் ரூம் உரிமையாளர், கோயம்புத்தூர்

பதில்: எப்போது எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மோல்டு முடிந்த பிறகு எழுதினால் காகித வேலைதான். எஃகை வெட்டுவதற்கு முன் எழுதினால், பார்ட்டிங் லைன் (மோல்டின் பகுதிகள் சேரும் கோடு) எங்கே வர வேண்டும் என்பதையே அந்தக் கோப்பு தீர்மானிக்கும்.

குடத்து மூடியில் பிசிறு இருந்தால் வாங்கியவர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். உங்கள் இணைப்பியின் உட்துளையில் அதே பிசிறு இருந்து, மருந்து ஓடும்போது பிய்ந்துகொண்டால், அது நோயாளியின் இரத்தக் குழாயை நோக்கிப் போகும். ஆகவே கணினியில் மோல்டை வரையத் தொடங்கும் முன், பாகத்தின் வரைபடத்தைத் தாளில் எடுத்துக்கொண்டு வாங்குபவரோடு உட்காருங்கள். மருந்தோ இரத்தமோ படும் பரப்பு எது, கசியாமல் அடைக்க வேண்டிய பரப்பு எது, விசையைத் தாங்கும் இடம் எது, செவிலியரின் கையுறை உரசும் இடம் எது என்று நான்கு நிறத்தில் குறியுங்கள். கேட் (பிளாஸ்டிக் உள்ளே நுழையும் வாய்), எஜெக்டர் பின் (பாகத்தை வெளியே தள்ளும் ஊசி), பார்ட்டிங் லைன் ஆகிய மூன்றுக்கும் நிறம் படாத இடங்களை முதலில் தேடுங்கள். கிடைக்காதபோது, எந்த நிறத்தின் மேல் வைக்கிறோம், ஏன் வைக்கிறோம் என்பதை எழுதி இரு தரப்பும் கையொப்பமிடுங்கள். கோப்பின் முதல் பக்கம் அதுதான்.

மருத்துவக் கருவிகளின் இடர் மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 14971 தரநிலை, இடரைக் குறைப்பதற்கு ஒரு வரிசையை வகுத்திருக்கிறது. வடிவமைப்பிலும் தயாரிப்பு முறையிலும் ஆபத்துக்கு இடமில்லாமல் செய்வது முதலாவது. கருவியிலோ உற்பத்தியிலோ பாதுகாப்பு ஏற்பாடு வைப்பது இரண்டாவது. எச்சரிக்கைக் குறிப்பும் பயிற்சியும் கடைசி. மோல்டுக்காரர் என்ற முறையில் நான் அதை இப்படி எடுத்துக்கொள்கிறேன்: பிழையை எஃகிலேயே தவிர்க்க வேண்டும், முடியாவிட்டால் மெஷினே அதைக் கண்டுபிடிக்க வேண்டும், ஆட்களை உட்கார வைத்துக் கண்ணால் பொறுக்குவது, வேறு வழியே இல்லாதபோதுதான். நம் பட்டறைகள் பலவற்றில் இந்த வரிசை தலைகீழாக இருப்பதைப் பார்க்கிறேன்.

லூயர் முனையையே எடுத்துக்கொள்வோம். ஐஎஸ்ஓ 80369-7 தரநிலைப்படி அதன் கூம்புக்கு 6 சதவீதச் சரிவு உண்டு. அதாவது 100 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 6 மி.மீ. மாறும் விகிதம். பல ஆண்டுகளுக்கு முன், ஆண் முனையின் கூம்பை இரண்டு ஸ்லைடுகளுக்கு (பக்கவாட்டில் நகரும் மோல்டுத் துண்டுகள்) நடுவே பிரித்து ஒரு மோல்டு செய்தோம். அதை வரைந்தவர்களில் நானும் ஒருவன். கூம்பின் இரு பக்கமும் நீளவாக்கில், நகத்தால் உரசினால் மட்டுமே தெரியும் அளவுக்கு ஒரு கோடு விழுந்தது. கசிவுச் சோதனையில் நீர் அந்தக் கோட்டின் வழியாகவே வந்தது. ஸ்லைடை எத்தனை முறை உரசிப் பொருத்தினாலும், சில ஆயிரம் ஷாட்டுகளில் (வார்ப்புச் சுற்றுகளில்) கோடு திரும்ப வந்தது. அந்த 6 சதவீதச் சரிவே போதுமான டிராஃப்ட்டை (பாகம் கழன்று வர உதவும் சாய்வு) தந்துவிடுவதால், கூம்பு முழுவதையும் பிளவில்லாத ஒரே இன்சர்ட்டில் (மோல்டில் பொருத்தும் தனித் துண்டு) வைத்து நீளவாக்கில் உருவியிருக்கலாம். பிறகு அப்படித்தான் புதிதாகச் செய்தோம். அந்தக் கேள்வியை வரைபட மேசையில் யாரும் கேட்கவில்லை என்பதை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

உட்துளையில் இன்னொரு பொறி இருக்கிறது. இரு பக்கத்திலிருந்தும் வரும் கோர் பின்கள் (துளையை உருவாக்கும் எஃகு ஊசிகள்) நடுவில் முட்டினால், முட்டும் இடத்தில் தேய்மானம் ஏற ஏற மெல்லிய படலமாகப் பிசிறு வளரும். அதுவும் மருந்து ஓடும் பாதையின் குறுக்கே. ஒரே பின்னால் துளை முழுவதையும் அமைக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முடியாதென்றால், முட்டும் முனைகளைத் தனியாகக் கழற்றி மாற்றக்கூடியவையாகச் செய்து, இத்தனை ஷாட்டுக்கு ஒருமுறை மாற்றுவது என்று பராமரிப்பு அட்டையில் எழுதிவிடுங்கள்.

கேட் விஷயத்திலும் கவனம் தேவை. குழாய் வடிவப் பாகத்துக்குப் பக்கவாட்டில் ஒற்றைக் கேட் வைத்தால், உருகிய பிளாஸ்டிக் கோர் பின்னைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து எதிர்ப்புறத்தில் சேரும். அங்கே வெல்டு லைன், அதாவது வலுக் குறைந்த ஒட்டுக் கோடு, விழும். பெண் முனைக்குள் ஆண் முனையை அழுத்தித் திருகும்போது சுவர் விரியப் பார்க்கும் இழுவிசை அந்தக் கோட்டைத்தான் சோதிக்கும். பாலிகார்பனேட்டுக்கு, அழுத்தத்தில் இருக்கும்போது ஆல்கஹாலோ கொழுப்புக் கலந்த மருந்துகளோ பட்டால் விரிசல் விடும் குணமும் உண்டு. ஆகவே, வட்ட விளிம்பு முழுவதும் ஒரே சமயத்தில் நிரம்பும் கேட்டுக்கு, பிறகு அதை வெட்டி நீக்கும் செலவையும் சேர்த்தே, விலைப்புள்ளியில் இடம் கொடுங்கள்.

சுருக்கத்தைப் பொறுத்தவரை, பாலிகார்பனேட் பொதுவாக 0.5 முதல் 0.7 சதவீதம் சுருங்கும். சுமார் 4.3 மி.மீ. விட்டத்தில் அந்த இரு எல்லைகளுக்கும் இடையிலான வித்தியாசம் ஏறக்குறைய 9 மைக்ரான்தான். 1 முதல் 2.5 சதவீதம் சுருங்கும் பாலிபுரோப்பிலீனில் அதே விட்டத்துக்கு அது 65 மைக்ரானைத் தொடும். ‘இதே மோல்டில் மெட்டீரியலை மட்டும் மாற்றி ஓட்டலாமா?’ என்று நாளை யாராவது கேட்டால், இந்தக் கணக்கைக் காட்டுங்கள். எட்டுக் கேவிட்டிக்கும் எஃகு வெட்டுவதற்கு முன், அதே எஃகு, அதே கேட், அதே குளிர்நீர் அமைப்போடு ஒற்றைக் கேவிட்டி மோல்டு ஒன்றைச் செய்து உண்மையான சுருக்கத்தை அளந்துவிடுங்கள். அப்போதும் கோர் பின்னைச் சற்றுப் பெரிதாகவும் கேவிட்டியைச் சற்றுச் சிறிதாகவும் விடுங்கள். எஃகை எடுப்பது எளிது, சேர்க்க வேண்டுமானால் வெல்டு வைக்க வேண்டும்.

பாகம் ஒட்டாமல் கழல அடிக்கும் ரிலீஸ் ஸ்பிரே இங்கே உதவாது, ஏனென்றால் அந்த எண்ணெய் பாகத்தோடு போகும். பாகம் ஸ்பிரே இல்லாமலே கழன்று வரும்படி பாலிஷும் டிராஃப்ட்டும் இருக்க வேண்டும். கிரீஸ் கசியாத எஜெக்டர் பின், துருப்பிடிக்காத எஃகு ஆகியவற்றின் செலவையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எஃப்எம்இஏ (பழுது வகைகளையும் அவற்றின் விளைவுகளையும் ஆராயும் முறை) அட்டவணையில் தீவிரம், நிகழ்வு, கண்டறிதல் ஆகிய மூன்று எண்களையும் (ஒவ்வொன்றும் 1 முதல் 10 வரை) பெருக்கி 100-க்குக் கீழே வந்தால் நடவடிக்கை தேவையில்லை என்று எங்கள் நிறுவனத்தில் விதி வைத்திருக்கிறோம். இது போதுமா?
— தர உறுதிப் பொறியாளர், ஓசூர்

பதில்: போதாது. உட்துளைப் பிசிறுக்குத் தீவிரம் 9, நிகழ்வு 2, கண்டறிதல் 3 என்று வைத்தால் பெருக்கல் 54. வெளிப்புறக் கீறலுக்கு 3, 6, 5 என்று வைத்தால் 90. உங்கள் விதிப்படி இரண்டுமே தப்பிவிடுகின்றன. அதிலும் கீறல்தான் பெரிய ஆபத்து போலத் தோன்றுகிறது. பெருக்கல் தீவிரத்தை மறைத்துவிடும். வாகனத் துறையினர் 2019-இல் வெளியிட்ட கையேட்டிலேயே இந்தப் பெருக்கல் எண்ணைக் கைவிட்டு, தீவிரத்துக்கு முதலிடம் தரும் முன்னுரிமை அட்டவணைக்கு மாறிவிட்டார்கள். தீவிரம் 9, 10 என்று வரும் ஒவ்வொரு வரியையும், மற்ற எண்கள் எவ்வளவு சிறியவையாக இருந்தாலும், தனியாக எடுத்து விவாதியுங்கள். இன்னொன்று: எஃப்எம்இஏ ஒரு பாகம் பழுதானால் என்னவாகும் என்றுதான் கேட்கும், பழுதே இல்லாத பாகத்தைத் தவறான குழாயில் செருகுவதால் வரும் ஆபத்து அதில் வராது. 14971 இரண்டையும் கேட்கிறது.

கேள்வி: தகுதிச் சோதனைகள் எல்லாம் முடிந்து உற்பத்தியில் இருக்கும் மோல்டில் ஐந்தாம் கேவிட்டியின் கோர் பின் உடைந்து, ஸ்பேர் பின் போட்டுவிட்டோம். வரைபடம் அதேதான். மறுபடியும் சோதனை தேவையா?
— மோல்டிங் மேற்பார்வையாளர், அம்பத்தூர்

பதில்: வரைபடம் அதேதான், எஃகு வேறு. எட்டுக் கேவிட்டிக்கும் முழுச் சோதனை தேவைப்படாமல் போகலாம், ஆனால் அந்த முடிவை மாற்றப் பதிவேட்டில் காரணத்தோடு எழுதி, தரப் பிரிவின் ஒப்புதல் பெற வேண்டும். ஐந்தாம் கேவிட்டியின் பாகங்களை முழுமையாக அளந்து, கசிவுச் சோதனை செய்து, முன்பு உறுதிசெய்த வெப்ப, அழுத்த வரம்புகளின் இரு முனைகளிலும் ஓட்டிப் பாருங்கள். அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. உடைந்த பின்னின் துண்டுகள் எல்லாம் கிடைத்தனவா? சேர்த்துப் பொருத்திப் பாருங்கள். ஒரு சிறு துண்டு குறைந்தாலும், கடைசியாகச் சரிபார்த்த நேரத்திலிருந்து வந்த ஐந்தாம் எண் பாகங்கள் அனைத்தையும் இன்றே தனியாக நிறுத்தி வையுங்கள்.